ஊரைத் தள்ளிய என்ஜின்

சூடைத்துறை என்கிற கடற்கரை ஊர் ஒரு தவக்காலத்துத் திங்கட்கிழமை காலையில் இடம்பெயரத் தொடங்கியபோது, அதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஆள் என்ஜின் மெக்கானிக் கஸ்பார்தான்; ஆனால் அவன் அந்த நேரத்தில் கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டு, ஒன்றும் நகரவில்லையே என்று ஒரு படகைத் திட்டிக்கொண்டிருந்தான்.

படகு ஊர்க் கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸுடையது. விடியலில் அதைத் தண்ணீரில் தள்ளி, வடக்கே பார்க்க நிறுத்தி, கயிற்றை இழுத்ததும் அவுட்போர்டு என்ஜின் ஒரே இழுப்பில் உயிர் பிடித்தது. கியர் விழுந்தது, புரொப்பல்லர் சுழன்றது, வெள்ளை நுரை பின்பக்கம் பொங்கியது, படகு மட்டும் கரையிலிருந்து முப்பதடித் தூரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. நங்கூரம் கிடக்கிறதோ என்று பார்த்தார்கள், கிடக்கவில்லை. தரை தட்டியிருக்கிறதோ என்று குதித்துப் பார்த்தார்கள், கால் எட்டவில்லை. அப்புறம்தான், வேறு வழியில்லாமல், கஸ்பாரைக் கூப்பிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கரையில் இருபது மைலுக்கு கஸ்பாரைப் போல என்ஜின் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் கிடையாது, அவனைப் போலத் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியாதவனும் கிடையாது. என்ஜினுக்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, கஸ்பாரிடம் அதற்கு ஒரு பெயர் இருக்கும். மூடியில் காதை வைத்து, கண்ணை மூடி, கோயிலில் நற்கருணை வாங்குகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்வான். சில சமயம் அது சரியாகவும் இருந்துவிடும். சரியாக இல்லாத சமயங்களில் தப்பு உப்புக்காற்றுடையது, இல்லையென்றால் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தவனுடையது, அதுவும் இல்லையென்றால் படகை ஓட்டினவனுடையது.

முதல் நாள், புரொப்பல்லர் தண்டில் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, சுற்றியிருக்கிறது என்றான். கழற்றிப் பார்த்தால் ஒரு முழம் நரம்புகூட இல்லை. இரண்டாம் நாள், உள்ளே பின் ஆணி ஒடிந்திருக்கிறது, அதனால் புரொப்பல்லர் சும்மா சுற்றுகிறது என்றான். திறந்தால் அந்தப் பின் கல்யாண மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் புரொப்பல்லரின் ரப்பர் புஷ் வழுக்குகிறது என்று புதுசு போட்டான், நான்காம் நாள் கியர்ப் பெட்டியைப் பிரித்து ஆறு பற்சக்கரங்களையும் ஒரு முறத்தில் பரப்பி வெயிலில் காய வைத்தான், ஐந்தாம் நாள் என்ஜினை இரண்டங்குலம் கீழே இறக்கிப் பூட்டினான், ஆறாம் நாள் கடல்தான் இங்கே சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கரையில் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டான். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் என்ஜினை முழு வேகத்தில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், படகு ஓர் அடி நகரவில்லை. கரையில் நின்ற பனைமரத்துக்கு நேராகத்தான் காலையில் நின்றது, பனைமரத்துக்கு நேராகத்தான் மாலையிலும் நின்றது.

ஏழாம் நாள் பஸ் டிரைவர் ஊருக்குள் நடந்து வந்து, தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஊர் இல்லை என்று புகார் சொன்னார். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் ஈரமண்ணும் ஒரு கோழியும்தான் இருந்ததாம், வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மைல் வடக்கே நடந்து வந்திருக்கிறார். அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. படகு நகராமல் இல்லை. கரையையும், பனைமரத்தையும், முந்நூறு வீடுகளையும், மாதா கோயிலையும், கொடியில் காய்கிற துணியையும் கூட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. படகுக்குப் போக வேண்டிய உந்துதல் ஊருக்குப் போயிருக்கிறது. தஸ்நேவிஸ் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, அப்படியானால் என்ஜின் நல்ல என்ஜின்தான் என்றார்.

கஸ்பாருக்கு மட்டும் இது மூன்று நாளைக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் அவன் யாரிடமும் சொல்ல முடியாது. தெற்கே மூன்று மைலில் பாரைப்பட்டினம் இருக்கிறது. அந்த ஊர்க் கோயில் மணி சாயங்காலம் ஆறு மணிக்கு அடிக்கும்போது, காற்று தெற்கிலிருந்து வந்தால், சூடைத்துறையின் கடைசி வீட்டுப் புழக்கடையில் நின்று கேட்கலாம். கடைசி வீடு கஸ்பாருடையது. மூன்று வருடமாக அவன் தினமும் ஆறு மணிக்குப் புழக்கடையில் நின்று பல் குத்திக்கொண்டிருப்பான். கேட்டால், சாயங்காலம் பல் குத்துவது ஈறுக்கு நல்லது என்பான். அந்த மணிச் சத்தம் வியாழக்கிழமை மெலிந்தது, வெள்ளிக்கிழமை இருக்கிறதோ இல்லையோ என்றானது, சனிக்கிழமை இல்லாமலே போய்விட்டது. கஸ்பார் அன்றைக்கு இருட்டும் வரை அங்கேயே நின்றான். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

பாரைப்பட்டினத்தில் இருந்தது அவன் மனைவி ரெஜினாள்.

அந்தக் கதை சின்னது. ரெஜினாளின் தம்பி கிளிட்டஸ் தன் என்ஜினை கஸ்பாரிடம் பழுதுபார்க்கக் கொடுத்தான். புரொப்பல்லர் நட்டு கழன்று விழாமலிருக்க அதன் குறுக்கே ஒரு பின் செருகி, முனையை மடக்கிவிட வேண்டும். கடைக்காரப் பையன்கூட மறக்காத வேலை. கஸ்பார் மறந்துவிட்டான். நடுக்கடலில் புரொப்பல்லர் கழன்று ஆழத்துக்குப் போக, கிளிட்டஸ் இரண்டு பகலும் ஓர் இரவும் நீரோட்டத்தில் மிதந்து, பச்சை மீனைத் தின்று, வேற்றூர்ப் படகு ஒன்று பார்த்ததால் பிழைத்தான். அவன் கரையேறின அன்று, துவைப்பதற்கு எடுத்த கஸ்பாரின் சட்டைப் பையில் ரெஜினாளுக்கு அந்தப் பின் கிடைத்தது. இது என்ன என்று கேட்டாள். அது வேறு பின் என்றான் கஸ்பார். கிளிட்டஸ் பாறையில் மோதியிருப்பான் என்றான். ஓட்டத் தெரியாதவனெல்லாம் கடலுக்குப் போனால் இப்படித்தான் என்றும் சொன்னான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி.

ரெஜினாள் சண்டை போடவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சிலுவைக் கோயிலான சந்தியாகப்பர் குருசடிக்குப் போய், இவர் உண்மையைச் சொல்கிறவரை சூடைத்துறை மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் தாய்வீடு போய்விட்டாள். கஸ்பார் விடுவானா? அவனும் அதே குருசடிக்குப் போய், சாகிறவரை பாரைப்பட்டினத்து மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவள் தன் சத்தியத்தில் ஒரு வாசல் வைத்துக் கட்டியிருந்தாள். இவன் அவசரத்தில் நாலு பக்கமும் சுவரை எழுப்பிக்கொண்டு உள்ளே நின்றான். சந்தியாகப்பரிடம் செய்த சத்தியத்தை அந்தக் கரையில் யாரும் மீறுவதில்லை. மீறினால் கடல் கேட்கும் என்பார்கள். மூன்று வருடம் அப்படியே போயிற்று.

ஊர் நகர்கிற விஷயத்தை ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்கள், அதற்கப்புறம் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். கமிட்டி கூடியது. வடக்கே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிற இடம் வரை போகலாம் என்று பெண்கள் சொன்னார்கள், போனார்கள். நான்கு நாள் குழாயடியில் ஊரை நிறுத்தி, இருக்கிற பானை, அண்டா, ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் நிரப்பிக்கொண்டார்கள். கருவாட்டுக்கு வெயில் போதவில்லை என்று ஒரு தெரு சொன்னது, மதியம் தூங்க நிழல் வேண்டும் என்று இன்னொரு தெரு சொன்னது. ஒருமுறை ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைத் திருப்பும்போது அது கிழக்கே பார்த்துவிட, முன்வரிசை வீடுகளின் அடுப்படிக்குள் கடல் வந்து உலையை அணைத்துவிட்டுப் போனது. அதிலிருந்து மூக்கைக் கிழக்கே திருப்பக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டு, கோயில் வாசலில் எழுதி ஒட்டியது. சர்வேயர் ஒருவர் சங்கிலியோடு வந்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்த ஆள் ஊரோடு போய்விட, குடியிருப்பு அளவீட்டுக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் பொரித்த சூடை மீன் சாப்பிட்டுப் போனார். ஊருக்குப் பாதிரியாராக வந்திருந்த சின்ன வயதுச் சாமியார் மட்டும், திருப்பலிக்கு மற்றவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், நம் ஊரில் கோயிலும் கூட வருகிறது என்று பிரசங்கத்தில் சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

இவ்வளவிலும் தஸ்நேவிஸ் மீன்பிடிக்கப் போகவில்லை. போக முடியாது என்பது ஒருபுறம், ஊரையே ஓட்டுகிறவன் என்ற பெருமை மறுபுறம். தொப்பி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று கமிட்டிக் கூட்டத்தில் கஸ்பார் எழுந்தான். தெற்கே போகலாம் என்றான். எதுக்கு என்று கேட்டார்கள். நீரோட்டம் மாறுகிறது, தெற்கே பாரை மீன் கூட்டம் ஒதுங்கும் என்றான், என்ஜினுக்கும் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்கம் தேய்மானம் என்றான், காற்றில் ஈரம், கடலில் வண்டல் என்று இன்னும் நான்கு காரணம் சொன்னான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் ஆட்களுக்கு எத்தனையோ குறை உண்டு. ஆனால் ஒரு மனிதன் தன் பொண்டாட்டியைப் பார்க்க முந்நூறு வீட்டையும் இழுத்துக்கொண்டு போகிறான் என்று தெரிந்தால், அதைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். தஸ்நேவிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பாரை மீன் என்றால் போய்த்தானே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அவன் கணக்கு இதுதான். அவளும் இங்கே வர வேண்டாம், நானும் அங்கே போக வேண்டாம். ஊரும் ஊரும் ஒட்டிவிட்டால், என் புழக்கடையில் நான் நிற்பேன், அவள் புழக்கடையில் அவள் நிற்பாள், நடுவில் ஒரு வேலிதான் இருக்கும். சத்தியமும் கெடாது, உண்மையும் சொல்ல வேண்டாம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை தனக்குத் தோன்றியதே இல்லை என்று நினைத்துக்கொண்டான். அது உண்மைதான், பாவம், தோன்றியதில்லை.

படகின் மூக்கைத் தெற்கே திருப்பினார்கள். நான்கு பகல் ஊர் நகர்ந்தது. உலை கொதித்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடத்தோடு போனார்கள், வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டே போனார்கள், தார்ச்சாலை முடிகிற பழைய இடத்தைக் கடக்கும்போது அந்தக் கோழி ஓடி வந்து ஏறிக்கொண்டது. குருசடியை மோதாமல் ஊரை மேற்கே கொஞ்சம் ஒதுக்கி ஓட்டியதில் தஸ்நேவிஸ் வேர்த்து விறுவிறுத்துப் போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் மணிச் சத்தம் கேட்டது. கஸ்பார் புழக்கடையில் நின்று கேட்டான், பல் குத்த மறந்துவிட்டான்.

பாரைப்பட்டினத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஓர் ஊர் வந்து மோதப் போகிறது என்று தெரிந்ததும், துறைமுகத்துச் சுவரில் கட்டுவது போலப் பழைய லாரி டயர்களைத் தங்கள் எல்லை நெடுகக் கட்டித் தொங்கவிட்டார்கள். நீளமான கழிகளோடு இளவட்டங்கள் வரிசையாக நின்றார்கள். வருகிற ஊருக்குக் கொடுக்க ஓர் அண்டா நிறையச் சுக்குக் காப்பியும் போட்டு வைத்தார்கள். நான்காம் நாள் மதியம் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று முகம் பார்க்கிற தூரத்துக்கு வந்தன. இன்னும் நூறடி, எண்பதடி, அறுபதடி. நாற்பதடி இருக்கும்போது என்ஜின் இருமியது, இன்னொருமுறை இருமியது, நின்றுவிட்டது. ஊர் நின்றுவிட்டது.

தஸ்நேவிஸ் கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துத் தொப்பி கழன்று விழுந்தது. கஸ்பார் தண்ணீரில் குதித்து நீந்திப் போய், என்ஜின் மூடியைத் திறந்தான். இரண்டு ஊரும் எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்துப் பிளக் நனைந்திருக்கிறது என்றான், துடைத்துப் போட்டான், ஓடவில்லை. கார்பரேட்டரைப் பிரித்து ஊதினான், ஓடவில்லை. கியர், பின், புஷ், தங்கூசி என்று தன்னிடமிருந்த பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெயிலில் சுக்குக் காப்பி இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது. அப்போது எதிரே, டயர்களுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெஜினாள் வந்து நின்றாள். மூன்று வருடத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். கையில் மீன் அரிந்த ஈரம் அப்படியே இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அவன் வேலை செய்வதைப் பார்த்தாள். பிறகு அதிகம் சத்தம் போடாமல் கேட்டாள்.

"மண்ணெண்ணெ இருக்கான்னு பாத்தியளா?"

கஸ்பார் மண்ணெண்ணெய் டேங்கைத் தூக்கினான். காலி டேங்க் தூக்குகிறவன் கைக்கு எவ்வளவு லேசாக இருக்குமோ அவ்வளவு லேசாக இருந்தது. தினமும் காலையில் யாராவது ஒருவர் நிரப்புவார்கள். இன்றைக்கு எல்லோரும் வேடிக்கை பார்க்க எல்லைக்குப் போய்விட்டார்கள். எந்தப் படகுக்காரனும் முதலில் பார்ப்பது அதைத்தான், மெக்கானிக் அதைப் பார்ப்பது கௌரவக் குறைவு என்று அவன் முப்பது வருடமாகப் பார்த்ததில்லை.

டேங்கில் தண்ணீர் கலந்திருக்கும் என்று சொல்ல வாய் திறந்தான். ஓட்டை விழுந்திருக்கும் என்று சொல்ல நினைத்தான். தஸ்நேவிஸ் வேகமாக ஓட்டிவிட்டார் என்பதும் நாக்கு நுனி வரை வந்தது. நாற்பதடிக்கு அப்பால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓர் ஊரையே இழுத்துக்கொண்டு வந்தும் எட்டாத நாற்பதடி. அவனுக்குத் திடீரென்று தன்னைப் பார்க்கவே சிரிப்பாக வந்தது, அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

"பாக்கல," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "பாக்கல, ரெஜினா. எந் தப்புதான். அன்னைக்கு அந்தப் பின்னையும் நாந்தான் போடல. மறந்துட்டேன். ஒந் தம்பியக் கடல்ல விட்டுட்டு, அவம் மேலயே பழியும் போட்டேன்."

கழியைப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசையில் கிளிட்டஸும் இருந்தான். அடிக்க வருவான் என்று கஸ்பார் எதிர்பார்த்தான். அடி வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தான். கிளிட்டஸ் கழியை மணலில் ஊன்றிவிட்டு, அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றான். புரொப்பல்லர் கழன்று போன தண்டைப் பார்த்தாலே தெரியாதா மச்சான் என்றான். தஸ்நேவிஸும் தனக்குத் தெரியும் என்றார். சாமியாருக்கும் தெரியும், வந்து ஆறு மாதமே ஆன சாமியாருக்கு. இரண்டு ஊரிலும் தெரியாதவர்கள் என்று கைக்குழந்தைகளைத்தான் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன், சோறே இல்லாத தட்டில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"எல்லாருக்குந் தெரியும்னா," என்று கஸ்பார் ரெஜினாளைப் பார்த்துக் கேட்டான், "பொறவு எதுக்கு மூணு வருசம்?"

"எங்களுக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு? நீங்கல்லா சொல்லணும்."

கிளிட்டஸ் ஒரு கேன் மண்ணெண்ணெயோடு நீந்திப் போய்ப் படகில் ஏறினான். டேங்கை நிரப்பி, மீதி நாற்பதடியையும் முடித்துவிடலாம் என்று கயிற்றை இழுத்தான். என்ஜின் பிடித்தது. கியர் விழுந்ததும் படகு, உலகத்தில் எந்தப் படகும் செய்வதைப் போல, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. தஸ்நேவிஸ் பின்னால் மல்லாந்தார், விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்த கஸ்பார் கடலில் விழுந்தான். பனைமரம் நின்ற இடத்தில் நின்றது. ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. இனி நகராது என்று பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தஸ்நேவிஸுக்குப் படகு திரும்பக் கிடைத்துவிட்டது, ஊர் கைவிட்டுப் போய்விட்டது. அவர் எதற்காக முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை.

கஸ்பார் தட்டுத் தடுமாறிக் கரையேறினான். தன் ஊரின் கடைசி மணலில், வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, நின்றான். அதற்கு மேல் ஓர் எட்டு வைக்கப் பயம். எதிரே எங்கே பாரைப்பட்டினம் தொடங்குகிறதோ, எங்கே சாகிறவரை என்று சொன்ன சத்தியம் தொடங்குகிறதோ. ரெஜினாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். தொங்குகிற டயர் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய சத்தியம் தீர்ந்துவிட்டது, எங்கே வேண்டுமானாலும் வரலாம், நேராகத் தன் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று அவன் வாசலில் கிடக்கிற கழற்றிப் போட்ட சாமான்களை நினைத்துக் கவலைப்பட்டான். அவள் இருபதடி நடந்தாள். நடுமணலில் நின்றுவிட்டாள்.

அவள் காலால் மணலைத் தட்டிக் காட்டினாள்.

"இது எங்க ஊர் எல்லையும் இல்ல, ஒங்க ஊர் எல்லையும் இல்ல. எந்தச் சத்தியமும் இதுல வராது," என்றாள். "மீதிய நீங்க நடந்து வாங்க."

கஸ்பார் திரும்பித் தஸ்நேவிஸைத் தேடினான். அவர் படகோடு தூரத்தில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தார். தள்ளிவிட இப்போது எந்த என்ஜினும் இல்லை. அவன் வேட்டியைப் பிழிந்து மடித்துக் கட்டிக்கொண்டு, சுடுகிற மணலில் வெறுங்காலோடு இறங்கி நடந்தான்.